ஆற்றுத் தண்ணீரை அள்ளி மீனைக் கண்டுபிடிக்க முடியுமா? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். பாதி நாள் ஆற்றங்கரையில் போகும், மீதி நாள் குளிரூட்டிய அறையில். ஆற்றில் இறங்கிப் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தால் யாராவது வந்து பக்கத்தில் நின்றுவிடுவார்கள். "தண்ணியில விஷம் கலந்துருச்சா?" "குழாய்த் தண்ணி நிக்கப் போகுதா?" என்று ஆரம்பித்து, "மீன் எங்கம்மா?" என்பதில் வந்து முடியும். அந்தக் கேள்விகளோடு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தூண்டில்காரர்களும் என் மாமாவும் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். மாமா ஜெலுத்தோங்கில் படகு வைத்திருப்பவர். பாதிக் கேள்விகள் அவருடையவை.

சுற்றுச்சூழல் டி.என்.ஏ. என்றால் என்ன?

மீன் நீந்திப் போகும்போது தன் உடம்பில் கொஞ்சத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் போகும். மேல்தோலின் வழவழப்பு, செதிலோடு உரியும் செல்கள், கழிவு, முட்டையிடும் காலத்தில் முட்டையும் விந்தும். தவளையும் ஆமையும் நண்டும் நீர்நாயும் அப்படித்தான். இந்தத் துணுக்குகளில் அந்தந்த உயிரின் டி.என்.ஏ. இருக்கிறது. தண்ணீரை வடிகட்டி, தங்கியதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அதைப் படித்து, யார் யார் வந்து போனார்கள் என்று சொல்வதுதான் இந்த முறை. மீனைப் பிடிக்க வேண்டாம், பார்க்கக்கூட வேண்டாம். சட்டி கழுவிய தண்ணீரை மோந்து பார்த்தே நேற்று என்ன குழம்பு என்று சொல்லிவிடும் பாட்டிகள் எல்லா வீட்டிலும் உண்டு. கிட்டத்தட்ட அந்த வேலை.

இது புதிதாக வந்ததா?

மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் நுண்ணுயிர்களை இப்படித் தேடுவது 1980களிலேயே தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் பெரிய பிராணி ஒன்றைக் குளத்துத் தண்ணீரை மட்டும் வைத்துக் கண்டுபிடித்த முதல் ஆய்வு 2008இல் பிரான்ஸிலிருந்து வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே பரவிவிட்ட ஒரு பெரிய தவளை இனத்தைத் தேடினார்கள். இங்கிலாந்தில் கொண்டை நியூட் என்ற பாதுகாக்கப்பட்ட சிறு பிராணி குளத்தில் இருக்கிறதா என்பதற்கு 2014 முதல் இந்தச் சோதனையை அதிகாரப்பூர்வமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அங்கே வீடு கட்ட மனுப் போடுகிறவர்கள் பக்கத்துக் குளத்துத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவது இப்போது சாதாரண விஷயம்.

நம் நாட்டில் ஆற்று நீரை ஏற்கனவே சோதிக்கிறார்களே, அது போதாதா?

சுற்றுச்சூழல் இலாகா பயன்படுத்தும் நீர்த்தரக் குறியீட்டில் ஆறு அளவுகள் இருக்கின்றன: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில-காரத் தன்மை. இவற்றைக் கூட்டிக் கழித்து ஆற்றை 1 முதல் 5 வரை ஏதாவது ஒரு வகுப்பில் போடுவார்கள். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறு அளவுகளில் ஒன்றில்கூட உயிர் இல்லை. தண்ணீர் மூன்றாம் வகுப்பு என்று தெரியும், அதில் விரால் இருக்கிறதா என்று தெரியாது. இன்னொன்று, அந்த அளவுகள் அந்த நிமிடத்துத் தண்ணீரைத்தான் காட்டும். முந்தின இரவு யாரோ எதையோ கொட்டி, விடிவதற்குள் அது கடலுக்குப் போயிருந்தால் காலையில் எடுக்கும் அளவு சாதுவாக இருக்கும். போன மாதம் இருந்த மீன்களில் பாதி இந்த மாதம் காணோம் என்றால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகமே வரும்.

ஆற்றங்கரையில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

தண்ணீர்மலைக்குப் பக்கத்தில், தாவரவியல் பூங்காவை ஒட்டி இறங்கும் சுங்கை ஆயர் தெர்ஜுனை வைத்துச் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். மலையிலிருந்து தெளிவாக இறங்கி, ஊருக்குள் புகுந்து, ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் ஆறும் மற்றக் கிளைகளும் சேர்ந்து சுங்கை பினாங்காகி, ஜெலுத்தோங் பக்கம் கடலில் விழுகிறது.

முதல் விதி, கீழேயிருந்து மேலே போக வேண்டும். கடலோரப் புள்ளியை முதலில் முடித்துவிட்டுக் கடைசியாக மலையடிக்கு வர வேண்டும். ஒரே நாளில் மாற்றிச் செய்தால், மேலே நாம் கலக்கிவிட்டது மிதந்து வந்து கீழே நம் போத்தலிலேயே விழும். ஆற்றுக்குள்ளும் அப்படியே. நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கையை முன்னே நீட்டி எடுக்க வேண்டும். காலுக்குப் பின்னால் கலங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது.

கையுறை போட்டு, 50 மில்லிலிட்டர் ஊசிக்குழலில் தண்ணீரை உறிஞ்சி, அதன் முனையில் கட்டைவிரல் பருமனுள்ள வடிகட்டிக் குப்பியைத் திருகி, அழுத்த வேண்டும். குப்பிக்குள் இருக்கும் தாளின் துளை 0.45 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனை நூறு பங்குக்கும் மேல் பிரித்தால் வரும் அளவு. மலையடியில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு லிட்டர் முடிப்பது பெரிய விஷயமில்லை. ஊருக்குள் வந்ததும் கதை மாறிவிடும். நான்காவது அழுத்தலிலேயே தாள் காப்பி நிறமாகி, குழல் நகர மறுக்கும். இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினால் குப்பி பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். அந்த அனுபவம் எனக்கு உண்டு, அதனால்தான் இப்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். அடைத்துக்கொண்டால் நிறுத்திவிட்டு, எத்தனை மில்லிலிட்டர் போனது என்று சரியாக எழுதி வைக்க வேண்டும். 200தான் போனதென்றால் 200 என்றே எழுத வேண்டும். பிறகு குப்பிக்குள் பாதுகாப்புத் திரவத்தை நிரப்பி, இரண்டு பக்கமும் மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று முறை.

இன்னொரு விஷயம். எலி நடமாடும் ஆற்றங்கரையில் கையில் வெட்டுக்காயத்தோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டுக் காரியமில்லை.

வெறும் காய்ச்சி வடித்த நீரையும் வடிகட்டுகிறீர்களே, பைத்தியமா?

இதை மாமாதான் கேட்டார், கேட்ட விதமும் இதுதான். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் முக்கியமான போத்தல் அதுதான். ஆய்வுக்கூடத்திலிருந்து சுத்தமான நீரைக் கொண்டுபோய், ஆற்றங்கரையிலேயே திறந்து, மற்ற மாதிரிகளைப் போலவே வடிகட்டுவோம். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அது ஆற்றிலிருந்து வந்ததில்லை, நம்மிடமிருந்து வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் வீட்டில் பசியாறியது தோசையும் முதல் நாள் வைத்த கெம்போங் மீன் குழம்பும். கையைக் கழுவினேன், சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். ஆனால் குப்பிகள் இருந்த பையைத் திறந்தபோது கையுறை போடவில்லை. சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. மலையடி ஓடையில் கெம்போங்! இந்தியத் தமிழர்கள் கானாங்கெளுத்தி என்பார்களே, அந்தக் கடல்மீன். அருவி பக்கத்தில் அது எப்படி நீந்தும்? என்னோடு வேலை செய்தவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றுப் போத்தலின் முடிவை எடுத்துக் காட்டினார். அதிலும் கெம்போங். அன்றைய மாதிரிகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஒரு நாள் உழைப்பு ஒரு கரண்டிக் குழம்பில் போனது. அன்றிலிருந்து ஆற்றுக்குப் போகும் நாளில் எனக்குச் சைவச் சாப்பாடுதான். அம்மா இதை நான் திருந்திவிட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறார், நானும் மறுக்கவில்லை.

அப்புறம் ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கும்?

தாளில் தங்கியதைக் கரைத்து, டி.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுப்போம். அதில் பெரும்பகுதி பாக்டீரியா, பாசி. மீனுடையது மிகக் கொஞ்சம், அதுவும் துண்டு துண்டாக. அதைப் பெருக்குவதற்குத்தான் பி.சி.ஆர். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே பி.சி.ஆர். கேரி மல்லிஸ் 1983இல் கண்டுபிடித்தது. 1993இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் துண்டுகள் இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டிவிடும். என் கெம்போங் குழம்பு மாட்டிக்கொண்டதும் இதனால்தான்.

எதைப் பெருக்குவது என்பதைப் பிரைமர் என்ற சிறு துண்டுகள் முடிவு செய்கின்றன. மீனுக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது மிஃபிஷ் என்ற பிரைமர். ஜப்பானியர்கள் 2015இல் வெளியிட்டது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பின் டி.என்.ஏ.வில் ஏறக்குறைய 170 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியைப் பெருக்கும். எழுத்து என்பது டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி. ஏன் மைட்டோகாண்ட்ரியா? ஒரு செல்லில் அதன் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான பிரதிகளில் இருக்கும். ஏன் இவ்வளவு குட்டையான பகுதி? வெயிலும் பாக்டீரியாவும் சேர்ந்து நீண்ட துண்டுகளை நறுக்கிவிடும், குட்டையானவைதான் தப்பிக்கும்.

இந்த இடத்தில் இரண்டு வழி. "விரால் இருக்கா, இல்லையா?" என்று ஒரே இனத்தைக் கேட்பதானால் அந்த இனத்துக்கென்றே செய்த சோதனை போதும், செலவும் குறைவு. "யார் யார் இருக்கீங்க?" என்று பொதுவாகக் கேட்பதானால் பெருக்கிய துண்டுகள் அத்தனையையும் வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் போட்டு, வரும் எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட வேண்டும்.

இலைச்சருகு ஊறிய தேநீர் நிறத் தண்ணீர், சதுப்பு நிலத் தண்ணீர் என்றால் இன்னொரு தலைவலி. அதிலிருக்கும் ஹியூமிக் அமிலம் பி.சி.ஆரை அமுக்கிவிடும். மீன் இருந்தும் முடிவு வெறுமையாக வரும். அப்படிப்பட்ட மாதிரியைக் கூடுதலாகச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் நீர் கலந்து நீர்க்கச் செய்து பார்க்க வேண்டும்.

எத்தனை மீன் என்று சொல்லுமா?

சொல்லாது. எந்த இனம் என்று சொல்லும். அதிகமா குறைவா என்று ஓரளவு ஊகிக்கலாம், அதுவும் ஒரே இனத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அளந்தால். வயது, ஆணா பெண்ணா, நோய் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா, எதுவும் தெரியாது. கரையில் செத்துக் கிடக்கும் மீனும் டி.என்.ஏ. விடும்.

டி.என்.ஏ. கிடைத்தால் மீன் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தமா?

இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஆறு ஓடுகிறது, டி.என்.ஏ.வும் கூடவே ஓடும். சுவிட்சர்லாந்தில் கிளாட் ஆற்றில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏரியில் வாழும் உயிர்களின் டி.என்.ஏ. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் கீழேயும் கிடைத்தது. தண்ணீர்மலையிலிருந்து ஜெலுத்தோங் கடற்கரைக்கு நேர்கோட்டில் அவ்வளவு தூரமே இல்லை. ஆகவே ஆற்றுமுகத்தில் எடுக்கும் ஒரு போத்தல் மலையடி மீனையும் சேர்த்துக் காட்டலாம். ஆற்றின் மொத்தக் கதை வேண்டுமென்றால் அது நல்லது. "எந்த வளைவில் இருக்கிறது?" என்று கேட்டால் அதே விஷயம் தொல்லையாகிவிடும்.

சரி, எவ்வளவு நாள் தாங்கும்? தண்ணீரில் சில நாளிலிருந்து சில வாரம் வரை. நம் ஊர் மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரில், வெயிலில், பாக்டீரியா மொய்க்கும் இடத்தில் சீக்கிரமே அழியும். குளிர்நாடுகளின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது. சேற்றில் புதைந்தால் வேறு கதை. வடக்கு கிரீன்லாந்தின் உறைந்த மண்ணிலிருந்து 20 லட்சம் ஆண்டு பழைய டி.என்.ஏ.வைப் படித்து 2022இல் வெளியிட்டார்கள். அதனால் காலால் சேற்றைக் கிளறிவிட்டுத் தண்ணீர் எடுத்தால் இன்றைய மீனும் பழைய மீனும் ஒன்றாகக் கலந்து வரும்.

அடுத்தது கடல் ஏற்றம். ஆற்றுமுகத்தில் கடல் ஏறும் நேரத்தில் எடுத்தால் மடவையும் கொடுவாயும் வரும். அவை உண்மையாகவே ஆற்றுக்குள் வந்திருக்கலாம், தண்ணீர் மட்டும் வந்திருக்கலாம். நாங்கள் வற்றும் நேரம் பார்த்து எடுப்போம். கடல் எப்போது வற்றும் என்று மாமாவைக் கேட்டால் போதும், அட்டவணையைத் தேட வேண்டாம்.

கடைசியாக, சமையலறை. ஊருக்குள் ஓடும் ஆற்றில் மீன் சந்தையின் கழுவுநீரும் சாப்பாட்டுக் கடைகளின் கழிவுநீரும் கால்வாய் வழியாக வந்து சேரும். முதுகெலும்புள்ள எல்லாவற்றையும் காட்டும் பிரைமரைப் போட்டால் மனிதன், கோழி, மாடு, பன்றி என்று வரிசையாக வரும். தைப்பூசத்தன்று பால்குட நீர் ஓடையில் கலந்தால் இயந்திரம் பசு இருக்கிறது என்றுதான் சொல்லும். பாலிலும் பசுவின் செல்கள் இருக்கின்றனவே. ஆற்றில் பசு நீந்துகிறது என்று அறிக்கை எழுதாமல் இருப்பது நம் பொறுப்பு. பட்டியலை ஒரு வரி விடாமல் ஊர் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"இல்லை" என்று வந்தால்?

இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அகப்படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடலாம். ஆற்றில் மீன் இருக்கிறது, ஆனால் கொஞ்சமே இருக்கிறது. ஒரு போத்தலில் அதன் டி.என்.ஏ. அகப்பட 40 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே போத்தல் எடுத்தால் 60 விழுக்காடு தவறிவிடும். மூன்று எடுத்தால் மூன்றிலும் தவற வாய்ப்பு சுமார் 22 விழுக்காடு. ஐந்து எடுத்தால் 8க்கும் கீழே இறங்கும். எத்தனை எடுத்தாலும் பூஜ்யம் ஆகாது. யாராவது ஒரே போத்தலைக் காட்டி "இந்த ஆற்றில் அந்த மீன் கிடையாது, திட்டத்தை ஆரம்பிக்கலாம்" என்றால், எத்தனை போத்தல் எடுத்தீர்கள், எந்த மாதம், மழைக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம் ஆற்றின் ஒரு வளைவில் பாவுங் இருக்கிறது என்று மாமா அடித்துச் சொல்வார். மீசை வைத்த ஆற்றுக்கெளுத்தி. இளவயதில் அங்கே பிடித்திருக்கிறாராம். மூன்று போத்தல் எடுத்தோம், வரவில்லை. "உன் மெஷினுக்கு மீன் தெரியல" என்றார். மீண்டும் ஐந்து எடுத்தோம், வரவில்லை. எனக்கு அங்கே பாவுங் இல்லையென்றுதான் தோன்றுகிறது. அவர் பிடித்தது, வெளிநாட்டிலிருந்து வந்த பண்டாராயா மீன் இன்னும் பெருகாத காலம். ஆனால் அறிக்கையில் நான் எழுதியது "எட்டு மாதிரிகளில் கண்டறியப்படவில்லை" என்பது மட்டுமே.

பண்டாராயா மீனைப் பற்றிச் சொன்னீர்களே, அந்நிய மீன்களைக் கண்டுபிடிக்க இது உதவுமா?

இந்த முறை பேர் வாங்கியதே அதில்தான். அமெரிக்காவில் சிகாகோ கால்வாய்களில் ஆசியக் கெண்டைகள் கிரேட் லேக்ஸ் என்ற பெரிய ஏரிகளை நோக்கி நகர்கின்றனவா என்று தேடியபோது, வலையிலோ தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் முறையிலோ அகப்படாத இடங்களிலும் தண்ணீரில் டி.என்.ஏ. கிடைத்தது. 2011இல் அந்த ஆய்வு வெளியானது. "அது உயிருள்ள மீனுடையதா, பறவை எச்சத்திலிருந்தும் படகின் அடிப்புறத்திலிருந்தும் வந்ததா?" என்று பெரிய சண்டையே நடந்தது. நியாயமான சண்டை.

நம் ஊரில் பண்டாராயா மீனைத் தேட டி.என்.ஏ. எதற்கு, பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தாலே தெரியும் என்பார்கள். உண்மைதான். தென் அமெரிக்காவிலிருந்து கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த மீன், இன்று ஆற்றையே பிடித்துக்கொண்டுவிட்டது. மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர் மாதிரி என்று பெயரும் வைத்தாயிற்று. ஆனால் அது இன்னும் போய்ச் சேராத மேல் ஓடைகள் இருக்கின்றன. அங்கே முதல் பத்து மீன் நுழையும்போதே தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். பத்தாயிரம் ஆனபிறகு தெரிந்து என்ன பயன்? பீக்காக் பாஸ், திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆமைக்கு இது அவ்வளவாகச் சரிப்படாது. ஓடு போட்ட உடம்பு, தோல் அதிகம் உதிராது. கெக் லோக் சி கோயில் ஆமைக்குளம் மாதிரி நிறைய ஆமை நெருக்கியடிக்கும் இடத்தில் எளிதாக வரும். ஆற்றில் யாரோ கொண்டுவந்து விட்ட சிவப்புக்காது ஆமை ஒன்று இருந்தால் தப்பிவிடும்.

கோலாலம்பூரில் இதைச் செய்யலாமா?

தாராளமாக. மஸ்ஜித் ஜாமெக் பக்கத்தில் கோம்பாக்கும் கிள்ளானும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே இரண்டிலும் தனித்தனியாக எடுங்கள், சேர்ந்தபிறகும் எடுங்கள். உலு கோம்பாக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு மையம் இருக்கிறது, அங்கே ஆறு காட்டுக்குள் ஓடுகிறது. மேலே காடு, கீழே கான்கிரீட். ஒப்பிட இதைவிட வசதியான ஆறு கிடைக்காது. சேறு மட்டும் வடிகட்டியை அடைத்தே தீரும்.

கடலில்?

கடலிலும் நன்றாகவே வேலை செய்யும். மிஃபிஷ் பிரைமரைச் சோதித்ததே ஓக்கினாவாவின் சுராவுமி மீன்காட்சியகத்தில்தான். தொட்டிகளில் வளர்த்த 180 மீன் இனங்களில் 168ஐத் தண்ணீரை வைத்தே கண்டுபிடித்தார்கள். என்னென்ன மீன் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த தண்ணீரில் சோதித்தது கெட்டிக்காரத்தனம்.

இங்கே எனக்கு ஆசையுள்ள இடம் மிடில் பேங்க். முதல் பாலத்தில் போகும்போது கடல் நன்றாக வற்றியிருந்தால் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் தெரியும் கடற்புல் திட்டு. கடல் அட்டை, கிளிஞ்சல், சிறு நண்டு என்று வலையில் வராத பிராணிகள் நிறைந்த இடம். அவற்றுக்கு மீன் பிரைமர் உதவாது, வேறு பிரைமர் போட வேண்டும். தெலுக் பகாங்கைத் தாண்டி, பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் முக்கா ஹெட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. அதே தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் ஏரியில் மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் காலம் உண்டு. அங்கே மேலே ஒரு போத்தல், அடியில் ஒரு போத்தல் எடுக்காமல் ஏரியைப் பற்றிப் பேசவே கூடாது.

கூண்டு வளர்ப்பு மீனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சபா மலேசியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கலப்பினக் களவா இப்போது பல பண்ணைகளில் இருக்கிறது. தாய் புலிக்களவா, தந்தை ராட்சதக் களவா. மைட்டோகாண்ட்ரியா தாய்வழிச் சொத்து. ஆகவே தண்ணீரில் வருவது புலிக்களவாவின் பெயர் மட்டும். அப்பா பெயர் எங்கும் வராது.

முதலை இருந்தால் தெரியுமா? பூதம்?

ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் கேட்டது. பூதத்தையும் தேடியிருக்கிறார்கள், தம்பி. ஸ்காட்லாந்தில் லாக் நெஸ் ஏரியில் பெரிய மிருகம் இருப்பதாகக் கதை உண்டு. நியூசிலாந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் நீல் ஜெம்மல் குழுவினர் 2018இல் அந்த ஏரித் தண்ணீரை அள்ளினார்கள். 2019இல் முடிவைச் சொன்னார்கள்: ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மீன் டி.என்.ஏ. ஏராளம். "பெரிய விலாங்கா இருக்குமோ?" என்று உடனே ஆரம்பித்துவிட்டார்கள். டி.என்.ஏ. உருவ அளவைச் சொல்லாது, அதனால் அந்தக் கதைக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

அந்தத் தண்ணீரில் என் டி.என்.ஏ.வும் இருக்குமா?

இருக்கும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் ஆமைகளுக்காகத் தண்ணீரும் மணலும் எடுத்தபோது மனித டி.என்.ஏ. நல்ல தரத்திலேயே கிடைத்தது என்று 2023இல் எழுதினார்கள். நாங்கள் படிக்கும் 170 எழுத்தில் "இது மனிதன்" என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது, அதையும் வடிகட்டித் தள்ளிவிடுகிறோம். ஆனாலும் எதிர்காலத்தில் முழுதாகப் படிக்கும் வசதி மலிவாகும்போது யார் எதை வைத்துக்கொள்ளலாம் என்று விதி வேண்டும் என்பது என் கருத்து.

பள்ளி மாணவர்களை வைத்துச் செய்யலாமா? அனுமதி வேண்டுமா?

தண்ணீர் பிடித்து வடிகட்டுவதைப் பத்து வயதுப் பிள்ளைகூடச் சுத்தமாகச் செய்யும். பெரியவர்களைவிட அவர்கள்தான் கையுறை விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். ஆனால் ஆய்வுக்காக மாதிரி எடுப்பதென்றால் உயிரியல் வளங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மாநில அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் போவதென்றால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஏதாவது பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்வதுதான் சுலபம்.

இனி வலையும் தூண்டிலும் வேண்டாமா?

முன்னைவிட அதிகம் வேண்டும், காரணம் இதுதான். இயந்திரம் தருவது ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளை மட்டும். அது எந்த மீன் என்று அறிய, ஏற்கனவே யாரோ அந்த மீனைப் பிடித்து, சரியாகப் பெயர் சொல்லி, அதன் டி.என்.ஏ.வைப் படித்துப் பொதுத் தரவகத்தில் போட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய மீன்களுக்கு அந்த அகராதி ஏறக்குறைய நிரம்பிவிட்டது. நம் ஓடைகளின் சின்னச் சின்ன மீன்களுக்கு இன்னும் பக்கம் பக்கமாகக் காலி. அகராதியில் இல்லாத மீன் வந்தால் கணினி பக்கத்துச் சொந்தக்காரனின் பெயரை ஒட்டிவிடும். சீனாவில் மட்டுமே வாழும் மீன் பினாங்கில் இருப்பதாகப் பட்டியல் வரும். சில நேரம் அகராதியிலேயே பெயர் தவறாக இருக்கும், அப்போது தவறு எல்லார் அறிக்கையிலும் ஏறிவிடும்.

தூண்டில் போடுகிறவர்கள் எப்படி உதவலாம்?

பிடித்த மீனை ஈரக்கையால் பிடித்து, பக்கவாட்டில், அளவுகோலோடு ஒரு படம் எடுங்கள். வால் துடுப்பின் ஓரத்தில் அரிசி அளவு ஒரு துண்டைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, அடர்த்தியான எத்தனாலில் போடுங்கள். இடம், தேதி எழுதுங்கள். உள்ளூர் மீனென்றால் திரும்ப விட்டுவிடலாம், துடுப்பு வளர்ந்துவிடும். ஆனால் இதை நீங்களாகத் தொடங்காமல், அனுமதி வாங்கிய ஆய்வுக் குழுவோடு சேர்ந்து செய்யுங்கள். படமும் துடுப்பும் இடமும் மூன்றும் சேர்ந்தால்தான் அகராதியில் ஏற்றலாம். படம் மட்டும் இருந்தால் பாதிதான் பயன்.

மாமாவும் எங்கள் குழுவில் சேர்ந்துவிட்டார். அவருடைய மீன் பெட்டியில் தூண்டில் முள், ஈயக்குண்டு, வெற்றிலைப் பொட்டலத்தோடு எத்தனால் குப்பி பத்து இருக்கிறது. அத்தை ஒருநாள் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு எனக்குத்தான் முதலில் போன் செய்தார். குப்பிகளுக்கு விளக்கம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.